எங்கே தங்குவீர்?
மன்னார்க் கரையில் கேட்ட ஒரு பழைய கேள்வி

மன்னார்த் தீவைப் பார்க்கவேண்டும் என்ற ஆவல் எனக்கு நெடுநாளாக உண்டு. கோட்டை, பெருக்க மரம், இராமர் அணையின் மணல் திட்டுகள், வீதியெங்கும் திரியும் கழுதைகள் ஆகியவற்றைக் காண்பதே என் நோக்கம். அங்கே போய் வீட்டு வாடகையைப் பற்றிச் சிந்திக்க நேரும் என்று நான் கனவிலும் கருதவில்லை. அதற்குக் காரணமானவன் என் தமக்கையின் மகன்.

மருமகன் வெள்ளவத்தையில் தாயாருடன் வசிக்கிறான். அவன் உத்தியோகம் பார்ப்பது ஓர் ஐரோப்பியக் கம்பெனியில்; உத்தியோகசாலையோ அவனுடைய படுக்கையறைதான். மடிக்கணினியும் மின்சாரமும் இணையமும் இருந்தால் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் செய்யக்கூடிய வேலை. மேலே நல்ல சட்டையும் கீழே சாரமுமாக அவன் கூட்டங்களில் அமர்ந்திருப்பதைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். எங்கிருந்தும் செய்யலாம் என்றால் வேறு நாட்டிலிருந்தே செய்து பார்ப்போமே என்ற எண்ணம் அவனுக்கு உதித்தது. அவன் தேர்ந்தெடுத்த நாடு போர்த்துக்கல்.

இத்தகைய தொழிலாளருக்கென்றே இப்போது பல நாடுகள் தனி விசா வழங்குகின்றன. 2020-ஆம் ஆண்டில் எஸ்தோனியா இதைத் தொடங்கியது. 2022 அக்டோபரில் போர்த்துக்கல் தன் கதவைத் திறந்தது. 2023-இல் ஸ்பெயினும் திறந்தது. போர்த்துக்கல் கேட்பவற்றில் முக்கியமானவை இரண்டு. வருமானம் அந்நாட்டின் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல நான்கு மடங்காவது இருக்கவேண்டும் என்பது ஒன்று. வந்து எங்கே தங்குவீர் என்பதற்குச் சான்று வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவது என் மருமகனிடம் இருந்தது. இரண்டாவதில்தான் சிக்கல்.

மதவாச்சியில் பஸ் நின்றபோது அவனுடைய குரல் கைப்பேசியில் கேட்டது.

"மாமா, வீடு இல்லாமல் விசா இல்லை என்கிறார்கள். விசா இல்லாதவனுக்கு வீடு தரமாட்டோம் என்று வீட்டுக்காரர்கள் சொல்கிறார்கள். நான் எதை முதலில் தேடுவது?"

"பொறு, மன்னாருக்குப் போய்ச் சேர்ந்ததும் யோசிப்போம்" என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்து முடித்தேன்.

கோட்டையின் நிழலில்

மதவாச்சியில் யாழ்ப்பாண வீதியை விட்டு மேற்கே திரும்பும் சாலை செட்டிகுளம், மடுச் சந்தி, முருங்கன், உயிலங்குளம் என்ற ஊர்களைக் கடந்து கடலை நோக்கிச் செல்கிறது. காடும், கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் வயல்களும் மெல்ல மெல்லப் பின்வாங்க, பனைகளும் உவர்நிலமும் முன்வருகின்றன. பின்னர் இருபுறமும் ஆழமில்லாத கடல்நீர் பரந்து கிடக்க, நடுவே நீண்ட பாதையும் பாலமும். 2010-இல் கட்டி முடித்த இப்பாலத்தைத் தாண்டினால் தீவு.

தீவின் வாசலில் காவற்காரன் போல் நிற்பது கோட்டை. நான்கு கொத்தளங்களைக் கொண்ட இக்கோட்டையை 1560-இல் போர்த்துக்கேயர் கட்டினர். 1658-இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, 1696-இல் புதுப்பித்தனர். 1795-இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. இடிந்த மதிலின் மேல் நின்று கடலைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. லிஸ்பனிலிருந்து கப்பலேறி இங்கே வந்தவர்களிடம் 'எங்கே தங்குவீர்?' என்று யாரும் பத்திரம் கேட்டிருக்கமாட்டார்கள். கேட்டிருந்தாலும் பீரங்கியே பதில் சொல்லியிருக்கும். இன்று மன்னாரிலிருந்தோ வெள்ளவத்தையிலிருந்தோ லிஸ்பனுக்குப் போக விரும்பும் பிள்ளை ஓர் அறையின் வாடகைச் சீட்டைக் கையில் ஏந்தி நிற்கவேண்டும். காலம் செய்த வேடிக்கை என்று சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. தீவு முழுவதும் அது என்னுடன் நடந்து வந்தது.

பள்ளிமுனையில் நிற்கும் பெருக்க மரத்தடியிலும் அது வந்தது. ஆப்பிரிக்கா தாயகமான இம்மரத்தை அரபு வணிகர் கொண்டுவந்து நட்டனர் என்பது வழிவழியாக வரும் செய்தி. உயரம் அதிகமில்லை, பருமனோ சொல்லி மாளாது. பத்துப் பன்னிரண்டு பேர் கைகோத்தால்தான் சுற்றி வளைக்கலாம். ஒரு வெளியூரான் இந்த மண்ணில் வேரூன்றி இத்தனை நூற்றாண்டு நின்றுவிட்டான். மரத்தை யாரும் சான்று கேட்பதில்லை. மனிதனைத்தான் கேட்கிறார்கள்.

ஒரு பருவத்துக்கு ஒரு நகரம்

மறுநாள் தீவை விட்டு வெளியேறித் தெற்கே சிலாவத்துறைக்கும் அரிப்புக்கும் போனேன். இந்தக் கடலின் அடியில்தான் ஒரு காலத்தில் உலகப் புகழ்பெற்ற முத்துச் சலாபங்கள் இருந்தன. அரிப்பில் கடலை ஒட்டிய மேட்டில் பெரிய செங்கற் கட்டிடம் ஒன்று சிதைந்து நிற்கிறது. ஆளுநர் பிரெடரிக் நோர்த் 1801-க்கும் 1804-க்கும் இடையில் கட்டுவித்த மாளிகை அது. முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்ய வரும்போது தங்குவதற்கு அவருக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. அம்மாளிகையின் அடித்தளத்தை இன்று அலை அரித்துக்கொண்டிருக்கிறது.

ஆளுநருக்கு மாளிகை, மற்றவர்களுக்கு? முத்துக்குளிப்பு என்பது ஆண்டு தவறாமல் நடக்கும் தொழிலன்று. சிப்பி முதிர்ந்த ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே நடக்கும். அந்தச் சில வாரங்களுக்காகக் கீழக்கரையிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் குளியாளரும் வணிகரும் பல்லாயிரக்கணக்கில் வந்து குவிந்தார்கள். அவர்கள் தங்குவதற்கு அரசாங்கமே கம்பும் ஓலையும் கொண்டு ஒரு நகரத்தை எழுப்பியது. தெருக்கள், கடைகள், நீதிமன்றம், மருத்துவமனை, காவல் நிலையம் எல்லாம் அதில் இருந்தன. 1905-இல் மறிச்சுக்கட்டியில் நடந்த முத்துக்குளிப்பு மிகப் பெரியது. அடுத்த ஆண்டு, பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனார்ட் வூல்ஃப் அங்கே இளம் அதிகாரியாகப் பணிசெய்தார். பருவம் முடிந்ததும் நகரம் கலைந்துவிடும். ஓலையைக் காற்றும் கரையானும் பங்கிட்டுக்கொள்ளும்.

அந்த முத்துநகரம் எனக்கு ஓர் உண்மையைக் காட்டியது. வேலைக்கு ஆள் தேவைப்பட்டபோது, தங்குமிடத்தை அழைத்தவன் ஏற்பாடு செய்தான். வந்தவன் வீடு தேடி அலையவில்லை. ஆனால் வேலை முடிந்த மறுநாள் வீடும் முடிந்துபோயிற்று. அழைத்தவன் தந்த கூரை, அழைத்தவனுடைய தேவை இருக்கும்வரைதான்.

அரிப்பிலிருந்து திரும்பும் வழியில் மருமகனிடமிருந்து மீண்டும் செய்தி வந்தது. லிஸ்பனில் ஒரு தரகர் கிடைத்துவிட்டாராம். அழகான வீடு, படங்களை அனுப்பியிருக்கிறார். மூன்று மாத வாடகையை முன்கூட்டியே அனுப்பினால் ஒப்பந்தத்தைக் கையொப்பமிட்டு அனுப்பிவிடுவாராம். நாளை இரவுக்குள் அனுப்பவேண்டுமாம்; இல்லையேல் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவாராம். மூன்று மாத வாடகை என்பது அவனுடைய ஓராண்டுச் சேமிப்பு. "நாளை மாலை வரை பொறுத்துக்கொள்" என்று பதில் எழுதினேன். என்ன ஆலோசனை சொல்வது என்று எனக்கே தெரியவில்லை.

தகர வில்லை

மூன்றாம் நாள் தலைமன்னாருக்குப் புறப்பட்டேன். தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் வரிசையாக நின்று சுழல்கின்றன. பேசாலையில் மீன் காயும் மணம். அதைத் தாண்டினால் மணலும் பனையும், பிறகு தலைமன்னார் இறங்குதுறை. துருப்பிடித்த பழைய இறங்குதுறையின் எச்சம் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. அதற்கப்பால் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தூரத்தில் தனுஷ்கோடி.

இவ்வழியாக வந்தவர்கள் பலர். 19-ஆம் நூற்றாண்டில் மலைநாட்டில் கோப்பி பயிரிடத் தொடங்கியபோது, தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து எம்மவர் தோணிகளில் இக்கரையில் வந்திறங்கினர். இங்கிருந்து காடு வழியாக மாத்தளைக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நடந்தார்கள். காய்ச்சலும் வாந்திபேதியும் பசியும் வழியில் பலரைக் கொண்டுபோயின. அவர்களுக்குத் தங்குமிடம் என்று சொல்ல வழியில் இருந்தது மரத்தடி. போய்ச்சேர்ந்தவர்களுக்குத் தோட்டத்து லயம்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பிரயாணத்துக்கு ஓர் ஒழுங்கு வந்தது. பிரயாணச் செலவை முதலில் அரசாங்கம் ஏற்றுப் பின்னர் தோட்டத்திடம் வசூலித்தது. இன்னார் இன்ன தோட்டத்துக்குப் போகிறவர் என்று வழியெங்கும் உள்ள அதிகாரிகள் அறியவேண்டுமல்லவா? அதற்காக ஒவ்வொருவருக்கும் ஒரு தகர வில்லை வழங்கப்பட்டது. மாவட்டத்தையும் தோட்டத்தையும் குறிக்கும் எழுத்தும் எண்ணும் அதில் குத்தப்பட்டிருக்கும். அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, அக்கரையில் மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக்காகச் சில நாட்கள் இருந்துவிட்டு எம்மவர் கடல் கடந்தனர். 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் தனுஷ்கோடியிலிருந்து கப்பலும் தலைமன்னாரிலிருந்து புகையிரதமும் இணைந்தன, நடைப்பயணம் பழங்கதையாயிற்று.

'எங்கே தங்குவீர்?' என்ற கேள்விக்கு இந்தத் தகர வில்லையே விடை. போகும் இடம் முன்னமே நிச்சயம், கூரை நிச்சயம், வேலையும் நிச்சயம். இன்றைய விசா அதிகாரி மகிழ்ந்துபோகும் அளவுக்கு எல்லாம் நிச்சயம். ஆனால் அந்த வில்லையில் இல்லாத ஒன்று உண்டு. அதை எனக்குச் சொல்லித் தந்தவர் தலைமன்னாரில் நான் சந்தித்த ஒரு பெரியவர்.

பெட்டிக்குள் ஒரு வீடு

இறங்குதுறைக்கு அருகில் ஒரு தேநீர்க்கடை வாங்கில் அவர் அமர்ந்திருந்தார். வயது எழுபத்தைந்துக்கு மேல். பேச்சில் மலைநாட்டின் சாயல் இருந்தது. பேச்சுக் கொடுத்தபோது, தாம் மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர் என்றும், 1977-ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பிறகு இங்கே வந்துசேர்ந்தவர் என்றும் சொன்னார்.

"பாட்டனாருடைய தகரத்தைச் சின்ன வயதிலே பார்த்திருக்கிறேன், ஐயா. லயத்துச் சுவரிலே ஆணியில் தொங்கும். அதிலே தோட்டத்து நம்பர் இருந்தது. பாட்டனார் பேர் இல்லை."

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டபின் நான் தேநீரை மறந்தேன்.

அவருடைய குடும்பத்தின் கதை இலட்சக்கணக்கான குடும்பங்களின் கதை. 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கிற்று. 1949-இல் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், விரும்பியவர்கள் விண்ணப்பித்துப் பிரஜாவுரிமை பெறலாம் என்றது. நிபந்தனைகள் இருந்தன. 1946 ஜனவரி முதலாம் திகதிக்கு முன் மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடைவிடாமல் இந்நாட்டில் வாழ்ந்திருக்கவேண்டும். ஒரே தடவையில் 12 மாதங்களுக்கு மேல் வெளியே இருந்திருந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும். போதிய வருமானமோ தகுந்த தொழிலோ இருக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் ஆதாரம் வேண்டும். வருமானம், வதிவிடம், ஆதாரம்: இன்று என் மருமகனிடம் கேட்கப்படுபவையும் இவையே.

லயத்தில் வாழ்ந்தவர் வதிவிடத்துக்கு என்ன ஆதாரம் காட்டுவார்? லய அறை தோட்டத்துக்குச் சொந்தம். வாடகைச் சீட்டு கிடையாது. வீட்டுக்கு இலக்கம் கிடையாது. கடிதம் வந்தாலும் தோட்டத்து அலுவலகத்துக்குத்தான் வரும். தலைமுறை தலைமுறையாக ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும், அக்கூரையின் கீழ் வாழ்ந்ததாகச் சொல்லும் ஒரு துண்டுக் காகிதமும் அவர் கையில் இல்லை. எல்லாம் தோட்டத்துரையின் பதிவேட்டில் இருந்தன.

"அப்பா ரெண்டு தோட்டத்திலே வேலை செய்தவர்" என்றார் பெரியவர். "முதல் தோட்டம் கைமாறிப்போச்சு. அந்த வருசத்துச் செக்றோல் புத்தகம் கிடைக்கலே என்று சொல்லிட்டாங்க. ரெண்டு வருசத்துக்கு அத்தாட்சி இல்லை. மனு தள்ளுபடி."

இச்சட்டத்தின்கீழ் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. பிரஜாவுரிமை கிடைத்தவர்கள் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர். எஞ்சியோரின் தலைவிதியை 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையொப்பமிட்ட ஒப்பந்தம் நிர்ணயித்தது: 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பது, 3 இலட்சம் பேரை இலங்கை ஏற்பது, மிகுதி ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசுவது. அந்த ஒன்றரை இலட்சத்தையும் 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன.

ஒப்பந்தம் கையெழுத்தான அதே ஆண்டு டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் கப்பல் தலைமன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே ஓடியது. மலைநாட்டிலிருந்து இத்துறைக்கு வரும் புகையிரதத்தில் உற்றார் உறவினரைப் பிரிந்து வருவோர் அழுதுகொண்டே வந்தார்கள். ஒப்பாரிக் கோச்சி என்று மக்கள் அதற்குப் பெயரிட்டார்கள்.

பெரியவர் இங்கே வந்ததும் துறைமுகத்தில் சுமை தூக்கினார். "எங்க சித்தப்பா குடும்பம் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தது. ஒருநாள் கோச்சியிலே வந்து இறங்கினாங்க. நானே அவங்க பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போய் ராமானுஜம் கப்பலிலே வைத்தேன். கூலி கொடுக்க வந்தார் சித்தப்பா. வாங்கவா முடியும்?"

1984-இல் கப்பல் நின்றது. 1990-இல் போர் கடுமையானபோது பெரியவர் மனைவி மக்களுடன் மடுக்கோயிலில் அடைக்கலம் புகுந்தார். அந்த ஆண்டுதான் எருக்கலம்பிட்டியிலிருந்தும் முசலியிலிருந்தும் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளின் உத்தரவால் வீடு வாசலை விட்டு வெளியேறிப் புத்தளம் பக்கம் போனார்கள். தமிழர் பலர் வள்ளமேறி இராமேசுவரம் போனார்கள். அன்று கூலிகள் காத்திருந்த அதே மண்டபம் முகாம் அகதிகளுக்கு வீடாயிற்று. 2022-இல் பொருளாதாரம் சரிந்தபோதும் இக்கரையிலிருந்து சில குடும்பங்கள் இரவோடிரவாக அரிச்சல்முனையில் போய் இறங்கின. திரும்பி வந்தவர்களில் எத்தனையோ பேர், 'இது என் வீடு' என்று மெய்ப்பிக்கப் பத்திரம் தேடி அலையவேண்டியிருந்தது.

பெரியவர் என்னைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். சிறிய கல்வீடு, முற்றத்தில் இரண்டு தென்னை, ஒரு முருங்கை. கட்டிலின் அடியிலிருந்து ஒரு தகரப்பெட்டியை இழுத்துத் திறந்தார். 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் கிடைத்த பிரஜாவுரிமைப் பத்திரம், காணி அனுமதிப் பத்திரம், கிராம அலுவலர் தந்த வதிவிடச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், நூலால் கட்டிய பழைய மின்சாரப் பட்டியல்கள். கட்டி முடித்த பட்டியல்களை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"மடுவுக்குப் போனப்போ சட்டி பானையை விட்டுட்டுப் போனோம், ஐயா. இந்தப் பெட்டியை மட்டும் விடலை. இதிலே இருக்கிறதெல்லாம் என் பேரிலே இருக்கு."

மருமகனுக்கு எழுதியது

அவ்வேளையில் கைப்பேசி மணி அடித்தது. மருமகன்தான். தரகர் நெருக்குகிறார், பணத்தை அனுப்பட்டுமா வேண்டாமா என்று கேட்டான். விஷயத்தைப் பெரியவருக்கு விளக்கினேன். அவர் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு ஒரே கேள்வி கேட்டார்: "அந்த வீடு யார் பேரிலே இருக்காம்?"

அதே கேள்வியை மருமகனிடம் கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. தரகரிடம் கேட்டான். தரகர் பதில் சொல்லவில்லை. அவசரத்தை மட்டும் மீண்டும் சொன்னார். பணம் போகவில்லை.

அன்றிரவு மன்னார் விடுதியில் அமர்ந்து மருமகனுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். வெளிநாட்டில் வீடு தேடும் பிள்ளைகள் நம் வாசகர் குடும்பங்களிலும் இருப்பார்கள் என்பதால் அதன் சாரத்தை இங்கே தருகிறேன்.

வீட்டைக் காட்டுபவர் உரிமையாளர்தாமா, உரிமையாளரின் அதிகாரம் பெற்றவரா என்பதைப் பத்திரம் கொண்டு அறியாமல் ஒரு சதமும் அனுப்பாதே. படம் வீடாகாது. அங்கே உள்ள நண்பர் ஒருவர் நேரில் போய்க் கதவைத் தட்டிப் பார்க்கட்டும். அது முடியாவிட்டால் உரிமையாளர் கைப்பேசியில் வீட்டைத் தெருவிலிருந்து தொடங்கிக் காட்டட்டும்.

ஒப்பந்தத்தில் உன் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கவேண்டும். முழு முகவரி, தொடங்கும் நாள், முடியும் நாள், மாத வாடகை, முற்பணம் எல்லாம் எழுத்தில் இருக்கவேண்டும். விசா மறுக்கப்பட்டால் ஒப்பந்தம் தானே முடிந்து முற்பணம் திரும்பவேண்டும் என்ற வாசகத்தைக் கேட்டுச் சேர்த்துக்கொள். கேட்பதில் வெட்கமில்லை. நேர்மையான வீட்டுக்காரர் அதை மறுக்கக் காரணமும் இல்லை.

போர்த்துக்கலில் வாடகை ஒப்பந்தத்தை உரிமையாளர் வரி அலுவலகத்தில் பதிவு செய்யவேண்டும். உனக்கும் ஒரு வரி எண் வேண்டும். பதிவு செய்ய மனமில்லாதவரின் வீடு மலிவாகத் தோன்றும். நாளை அவர் உன்னை அறியேன் என்று சொன்னால் உன் கையில் ஒன்றுமிராது. நம் நாட்டிலும் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படவேண்டும் என்று 1840-ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்தார்கள். வாய்ச்சொல்லால் வீடிழந்தவர்கள் அப்போதும் இருந்திருக்கிறார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

அங்கே சட்டப்படி வாழும் உறவினரோ நண்பரோ, 'இவர் என் வீட்டில் தங்குவார்' என்று பொறுப்பேற்று எழுதும் கடிதமும் சான்றாக ஏற்கப்படுவதுண்டு. அத்தகையவர் கிடைத்தால் நல்லது. ஆனால் அது அவருடைய வீடு, அவருடைய பெயர் என்பதை மறவாதே. விரைவில் உன் பெயரில் ஒரு சீட்டைத் தேடிக்கொள். விசா கிடைத்ததும் இரத்துச் செய்யும் எண்ணத்துடன் போலியாக ஓர் அறையைப் பதிவு செய்து காட்டும்படி சிலர் புத்தி சொல்வார்கள். அந்தக் குறுக்கு வழியில் இறங்காதே. பொய்யாக எழுதிய முகவரி பின்னொரு நாள் உன்னைத் தேடி வரும்.

கடைசியாக, ஒரு தகரப்பெட்டி வாங்கிக்கொள். கணினியிலும் ஒரு பிரதி இருக்கட்டும். வாடகை கொடுத்த ஒவ்வொரு மாதத்துக்கும் பற்றுச்சீட்டு வாங்கி அதில் போடு. பத்தாண்டு கழித்து ஓர் அதிகாரி, 'இங்கே வாழ்ந்தாய் என்பதற்கு என்ன ஆதாரம்?' என்று கேட்கக்கூடும். அன்று பிறர் வீட்டுப் பதிவேட்டைத் தேடிப் போகும் நிலை உனக்கு வரலாகாது.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள் நம் பெரியோர். வளை தனியாக இருந்தால் மட்டும் போதாது, அது தன் பெயரிலும் இருக்கவேண்டும் என்பதைத் தலைமன்னாரில் நான் கற்றுக்கொண்டேன்.

ஒரு கேள்வி பாக்கி

மறுநாள் ஊர் திரும்புமுன் பெரியவரிடம் விடைபெறப் போனேன். பனங்கட்டி கொஞ்சம் ஓலைக்குட்டானில் கட்டித் தந்தார். வாசல் வரை வந்தவர், "தம்பிக்கு வீடு கிடைத்தால் ஒன்று கேட்கச் சொல்லுங்க, ஐயா. அந்த வீட்டுக்குக் காத்து வருமா?" என்றார். பத்தடிக்குப் பன்னிரண்டடி லய அறையில், நெருக்கமான வரிசையில் பிறந்து வளர்ந்தவர் அவர். இந்தத் தீவில் அவருக்குப் பிடித்தது எது என்று நான் கேட்டிருந்தபோது, காற்றைத்தான் சொன்னார்.

ஆறு வாரங்களுக்குப் பின் மருமகன் வெள்ளவத்தை வீட்டில் என்னிடம் ஓர் ஒப்பந்தத்தைக் காட்டினான். லிஸ்பனுக்கு எதிரே, ஆற்றின் மறுகரையில், அல்மாடா என்னும் ஊரில் மூன்றாம் மாடியில் ஓர் அறையும் சமையற்கட்டும். வீட்டுக்காரி ஓய்வுபெற்ற ஆசிரியை. விசா கிடைக்காவிட்டால் முற்பணம் திரும்பும் என்ற வாசகம் நான்காம் பத்தியில் இருந்தது. விண்ணப்பம் போய்விட்டது, முடிவு இன்னும் வரவில்லை.

"காற்று வருமா என்று கேட்டாயா?" என்றேன்.

அவன் கேட்கவில்லை. அன்றிரவே எழுதிக் கேட்டான். காலையில் பதில் வந்திருந்தது. சன்னல் மேற்குப் பார்த்தது, மாலையில் கடற்காற்று வரும், காகிதங்களின் மேல் ஏதேனும் பாரம் வைத்துக்கொள்ளவேண்டும் என்று அந்த அம்மாள் எழுதியிருந்தார். அந்தப் பதிலைத் தலைமன்னாருக்குக் கடிதமாக எழுதித் தபாலில் சேர்த்தேன். உறையின் மேல் பெரியவரின் பெயரையும் வீட்டு இலக்கத்தையும் தெளிவாக எழுதினேன்.